திண்டுக்கல் வட்டாரக் கொல்லுப்பட்டறைகளில் பழம்பட்டடைகள்: இனங்காணலும் கொள்முதல் நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

கொல்லர் இரும்பைக் காய்ச்சி வைத்து அடிப்பதற்குத் தாங்குதளமாக அமையும் கருவி பட்டடை. பூட்டுத்தொழிலுக்கும் இரும்புப்பெட்டித் தொழிலுக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல் வட்டாரத்தில் கைத்தொழில் சுருங்கிவரும் சூழலில், பழைய பட்டடைகள் எடைக்கு விற்கப்பட்டு உருக்காலைக்குச் செல்கின்றன. அருங்காட்சியகத்திற்காகவோ பல்கலைக்கழகத் துறையின் தொகுப்பிற்காகவோ அவற்றை வாங்க முற்படுவோர் எவ்வாறு இனங்காண வேண்டும், பொறிப்புகளை எவ்வாறு படிக்க வேண்டும், தரத்தை எவ்வாறு சோதிக்க வேண்டும், சட்டமும் அறமும் விதிக்கும் வரையறைகள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சூழல் பதிவுசெய்யப்படாமல் வாங்கப்படும் பட்டடை, ஆய்வுநோக்கில் பழைய இரும்பின் நிலையிலிருந்து சிறிதே உயர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பட்டடை, உலைக்கல், கொல்லுப்பட்டறை, திண்டுக்கல், பொருள்சார் பண்பாடு, தொல்பொருள் சட்டம்.

முன்னுரை

தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்த ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பெருங்கவனம் பெற்றுள்ளன. கொடுமணல் அகழாய்வு இரும்பு உருக்கியதற்கான சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. மயிலாடும்பாறை, சிவகளை ஆகிய இடங்களின் காலக்கணிப்புகள் இரும்புக்காலத்தின் தொடக்கத்தை மேலும் முன்னே கொண்டுசென்றன. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளைச் சான்றுகளின் அடிப்படையில் அக்காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுசென்றது. மண்ணுக்கடியில் கிடைக்கும் இரும்புத்துண்டு ஒவ்வொன்றும் குழியின் எண், மண்ணடுக்கு, ஆழம் ஆகிய விவரங்களுடன் பதிவாகிறது. ஆனால் மண்ணுக்கு மேலே, நேற்றுவரை தொழில் நடந்த பட்டறைகளில் இருந்த கருவிகளுக்கு அத்தகைய பதிவு எதுவும் இல்லை. மூன்று தலைமுறையினர் அடித்துத் தேய்த்த பட்டடை ஒரே நாளில் பழைய இரும்புக்கடையின் தராசில் ஏறி மறைந்துவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப விரும்பும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது நடைமுறைச் சிக்கல். பட்டடையைப் பார்த்தவுடன் அதன் காலத்தையும் தரத்தையும் சொல்லும் பயிற்சி தமிழ்த்துறையினருக்கு இல்லை. அப்பயிற்சி உடைய கொல்லருக்கு ஆய்வுத்துறையோடு தொடர்பில்லை. இவ்விரு அறிவையும் ஓரிடத்தில் சேர்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்வழி அறியப்படும் பட்டடை

சங்க இலக்கியத்தில் கொல்லனின் பணியிடமும் கருவிகளும் பலவிடங்களில் உவமையாகின்றன. புறநானூற்றின் 170ஆம் பாடலில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பகைவரின் தாக்குதலைத் தாங்கி நிற்கும் பிட்டங்கொற்றனைக் கொல்லனின் உலைக்கல்லுக்கு ஒப்பிடுகிறார். ஓங்கி எறியப்படும் கூடத்தை எதிர்கொண்டும் நிலைபெயராமல் நிற்பதே உலைக்கல்லின் இயல்பு என்பதால் இவ்வுவமை பொருந்துகிறது. கூடம் என்பது சம்மட்டி. உலைக்கல் என்னும் சொல்லில் உள்ள ‘கல்’, இரும்பை அடிக்கும் தளம் தொடக்கத்தில் கல்லாக இருந்திருக்கலாம் எனக் கருத இடந்தருகிறது. பிற்கால வழக்கான அடைகல் என்பதும் இதே அமைப்பை உடையது.

திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்தில் (குறள் 821) பட்டடை என்னும் சொல்லே ஆளப்படுகிறது. உள்ளத்தால் பொருந்தாதவரின் நட்பு, தக்க இடம் வாய்க்கும்போது எறிவதற்குத் துணையாகும் பட்டடை போன்றது என்பது அதன் கருத்து. புறநானூற்றில் உலைக்கல் அசையாத வீரத்திற்கு உவமையாயிற்று; திருக்குறளில் அதே கருவி, தாங்குவதுபோல் இருந்து அடிவிழும் நேரத்தில் அழிவுக்குத் துணைநிற்கும் வஞ்சத்திற்கு உவமையாயிற்று. தாங்குதல் என்னும் ஒரே செயலை இரு கோணங்களில் பார்த்ததன் விளைவு இது. கருவியின் இயக்கத்தை நேரில் அறிந்த சமூகத்தில்தான் இத்தகைய உவமைகள் விளக்கமின்றியே புரிந்திருக்கும்.

இன்று பட்டடை என்னும் சொல் பொதுவழக்கில் அருகிவிட்டது. அதனோடு நெருங்கிய பட்டறை என்னும் சொல் தொழிற்கூடத்தைக் குறித்து நிலைபெற்றுள்ளது. கவிதைப் பட்டறை, பயிற்சிப் பட்டறை என்று அச்சொல் கல்விப்புலத்திலும் பரவியுள்ளது. கருவியின் பெயர் கருவி இருந்த இடத்திற்கும், பின்னர் அங்கு நடக்கும் செயலுக்கும் ஆகிவந்ததை இதில் காணலாம். கருவி மறையும்போது இச்சொல்வரலாற்றின் பொருட்சான்றும் மறைகிறது.

2. திண்டுக்கல்லும் இரும்புத்தொழிலும்

திண்டுக்கல்லில் இரும்புவேலை பல காரணங்களால் வேரூன்றியது. 1755ஆம் ஆண்டளவில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தப்பட்ட ஹைதர் அலி, பிரெஞ்சுத் தொழில்வல்லுநரின் துணையோடு அங்குப் படைக்கலச் சாலை ஒன்றை உருவாக்கியதாக மைசூர் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 1790இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792 உடன்படிக்கையால் அப்பகுதி முறைப்படி கும்பினி ஆட்சிக்குள் வந்தது. 1870களில் திருச்சிராப்பள்ளி – மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக அமைந்தபோது, தண்டவாளத் துண்டுகளும் வெளிநாட்டுக் கருவிகளும் சமவெளிக் கொல்லர்களின் கைக்கு எட்டும் வாய்ப்பு உருவானது.

நகரில் வளர்ந்த பூட்டுத்தொழில் வீடுகளையொட்டிய சிறு பட்டறைகளைச் சார்ந்தது. தகடு வெட்டுதல், வளைத்தல், நெம்புகோல்களை அரத்தால் இழைத்தல், தறையாணி அடித்தல் எனப் பெரும்பாலும் கைவேலையாகவே பூட்டு உருவாகிறது. மாங்காய் வடிவப் பூட்டு இவ்வூரின் அடையாளமாகவே பேசப்படுகிறது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் போன்ற இடங்களிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளின் விலைப்போட்டியைக் கைத்தொழிலால் ஈடுகொடுக்க முடியவில்லை. குறியீடு பொருளின் பெயரைக் காக்கிறது. பொருளைச் செய்யும் கருவிகளைக் காக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

நகருக்கு வெளியே வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, நத்தம் வரை விரியும் வேளாண் சிற்றூர்களின் தேவை வேறு. கலப்பைக் கொழு, மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை ஆகியவற்றை அடிப்பதும், தேய்ந்தவற்றைக் காய்ச்சித் துவைப்பதும், மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப்பட்டா பூட்டுவதும் சிற்றூர்க் கொல்லரின் பணிகள். உழுவுந்தும் இரப்பர்ச் சக்கரமும் வந்தபின் இப்பணிகளில் பெரும்பகுதி நின்றுபோனது. எனவே இவ்வட்டாரத்தில் பட்டடை தேடுவோர் இருவகைச் சூழலை எதிர்பார்க்கலாம்: பூட்டுப் பட்டறையின் சிறிய பட்டடை, வேளாண்கருவிப் பட்டறையின் பெரிய பட்டடை. இரண்டின் உருவும் தேய்மானமும் வேறுவேறு.

3. பட்டடையின் வகைகள்

உருவமைப்பு நோக்கில் பட்டடைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, கட்டைப்பட்டடை. கூம்பிய முனை இல்லாத சதுர அல்லது செவ்வக இரும்புக்கட்டை இது. அடிப்பகுதி கடினமரக் குற்றியிலோ நிலத்திலோ புதைக்கப்பட்டிருக்கும். அமர்ந்தநிலையில் வேலைசெய்யும் இந்தியக் கொல்லர் மரபிற்கு ஏற்றது. இதில் பெரும்பாலும் பொறிப்பு இராது. ஆதலால் இதன் காலத்தை உருவத்தைக்கொண்டு மட்டும் உறுதிசெய்ய இயலாது. உரிமையாளர் குடும்பத்தின் வாய்மொழிச் சான்றே முதன்மையானது.

இரண்டாவது, கொம்புப்பட்டடை. ஒருமுனை கூம்பியும் மறுமுனை தட்டையாகவும் நீண்டு, நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கி, அகன்ற பாதங்களில் நிற்பது. கூம்பு முனையை ஒட்டி முகத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு படி இருக்கும். உளியால் வெட்டும்போது முகம் சேதமுறாமல் இருக்க அப்படி பயன்படும். தட்டைமுனையில் சதுரத்துளை ஒன்றும் வட்டத்துளை ஒன்றும் உண்டு. சதுரத்துளையில் வெட்டுளி முதலிய துணைக்கருவிகளைச் செருகலாம். வட்டத்துளையின்மேல் வைத்துத் தகட்டில் துளையிடலாம். இலண்டன் மாதிரி எனப்படும் இவ்வமைப்பு இங்கிலாந்திலிருந்து அதன் குடியேற்ற நாடுகளுக்குப் பரவியது.

மூன்றாவது, மாற்றுப்பட்டடை. தண்டவாளத்துண்டு, பழைய இயந்திர உறுப்பு முதலியவற்றைப் பட்டடையாக ஆக்கிக்கொள்வது. சந்தையில் இதற்கு மதிப்புக் குறைவு. ஆனால் கிடைத்ததைக்கொண்டு தொழிலைத் தொடர்ந்த கைவினைஞரின் திறனுக்கு இதுவே நேர்ச்சான்று. தொகுப்பாளர் அழகிய கொம்புப்பட்டடையை மட்டும் நாடி இதனைப் புறக்கணித்தால், உள்ளூர்த் தொழில்வரலாற்றின் பெரும்பகுதி தொகுப்பில் இடம்பெறாது போகும்.

4. பொறிப்புகளைப் படித்தல்

கொம்புப்பட்டடையின் பக்கவாட்டில் செய்தவர் பெயரும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். துருவும் கரியும் மூடியிருப்பதால் அவை எளிதில் புலப்படா. மென்மையான கம்பித்தூரிகையால் தளர்ந்த துருவை மட்டும் நீக்கி, சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து, பக்கவாட்டிலிருந்து ஒளிபாய்ச்சினால் எழுத்துகள் தெளியும். மெல்லிய தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்தும் படியெடுக்கலாம். கல்வெட்டு மைப்படி எடுத்துப் பழகிய ஆய்வாளருக்கு இது புதிய கலையன்று. சாணைச்சக்கரமும் அமிலமும் எழுத்தோடு சேர்த்துச் சான்றையும் அழித்துவிடும். அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆங்கிலப் பட்டடைகளில் டட்லி நகரின் பீட்டர் ரைட், செஃபீல்டு நகரின் மவுஸ்ஹோல், பர்மிங்காமின் ஆல்டேஸ் அண்டு ஆனியன்ஸ் ஆகிய பெயர்கள் நன்கறியப்பட்டவை. நிறுவனத்தின் பெயர் காலவரையறைக்கு உதவும். எடுத்துக்காட்டாக, ஆல்டேஸ், ஆனியன்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒன்றிணைந்தன. எனவே இணைந்த பெயரைத் தாங்கிய பட்டடை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. இது மேல்வரம்பை மட்டுமே தரும். பட்டடை செய்யப்பட்ட காலம் ஒன்று. அது திண்டுக்கல் பட்டறைக்கு வந்துசேர்ந்த காலம் மற்றொன்று. இரயில்வேயிலோ ஆலையிலோ பல்லாண்டுகள் உழைத்தபின் ஏலத்தில் விற்கப்பட்டும் அது வந்திருக்கலாம்.

எடைப்பொறிப்பே பெரிதும் தவறாகப் படிக்கப்படுவது. பழைய ஆங்கிலப் பட்டடைகளில் இடைவெளிவிட்டு மூன்று எண்கள் காணப்படும். முதலெண் அந்தர் எனப்படும் 112 பவுண்டு அலகையும், இரண்டாம் எண் அதன் காற்பகுதியான 28 பவுண்டு அலகையும், மூன்றாம் எண் தனிப் பவுண்டுகளையும் குறிக்கும். 1 · 2 · 10 எனப் பொறிக்கப்பட்டிருப்பின் 112 + 56 + 10 = 178 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 81 கிலோகிராம். 0 · 3 · 14 எனில் 98 பவுண்டு, ஏறத்தாழ 44 கிலோகிராம். இவ்வெண்களை ஆண்டாகவோ வரிசை எண்ணாகவோ கொள்வது பிழை. படித்தது சரியா எனச் சோதிக்க எளிய வழி உண்டு: நடுவெண் 3ஐத் தாண்டாது; இறுதியெண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் எழுத்தை மீண்டும் பார்க்க வேண்டும்; அல்லது அப்பட்டடை வேறுநாட்டினது எனக் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பட்டடைகளில் எடை பெரும்பாலும் நேரடியாகப் பவுண்டிலும், சுவீடன் நாட்டினவற்றில் கிலோகிராமிலும் இருக்கும்.

பழைய தலைமுறையினர் எடையை மணங்கிலும் வீசையிலும் சொல்லக்கூடும். சென்னை மாகாண வழக்கில் 8 வீசை ஒரு மணங்கு. ஒரு மணங்கு ஏறத்தாழ 25 பவுண்டு. மேற்சொன்ன 178 பவுண்டுப் பட்டடையை முதியவர் ஒருவர் ‘ஏழு மணங்கு’ என்றால் அவர் சொல்வது சரியே. வாய்மொழிக் கூற்றும் பொறிப்பும் தராசும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் இடம் இது. தராசு எடை பொறிப்பைவிட மிகக் குறைந்தால், முனை முறிந்திருக்கலாம் அல்லது முகம் இழைக்கப்பட்டிருக்கலாம் என ஐயுற வேண்டும்.

5. தரத்தைச் சோதித்தல்

பழைய கொம்புப்பட்டடைகள் பலவற்றில் உடல் தேனிரும்பு. முகம் உலைச்சூட்டில் அடித்து ஒட்டிய எஃகுத்தகடு. அடியைத் தாங்குவது உடல், அடியைத் திருப்பித்தருவது முகம். இவ்விரண்டின் ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்பதே சோதனையின் சாரம்.

அ. ஓசை. பட்டடையைக் குற்றியிலிருந்து தளர்த்தி, சிறு சுத்தியலால் முகம் முழுவதும் மெல்லத் தட்ட வேண்டும். மணிபோன்ற தெளிந்த ஓசை நன்று. ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்குத் தகடு பிரிந்திருக்கலாம். உடலில் விரிசலும் இருக்கலாம். வார்ப்பிரும்பு உடலும் எஃகு முகமும் கொண்ட சில தரமான பட்டடைகள் இயல்பாகவே ஒலிக்கமாட்டா. ஆகவே ஓசையை மட்டும் கொண்டு முடிவெடுத்தல் கூடாது.

ஆ. துள்ளல். பால்பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக்குண்டு ஒன்றைப் பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தின்மேல் விட்டால், அது ஏழு அங்குலத்திற்குக் குறையாமல் எழும்ப வேண்டும். பல இடங்களில் விட்டுப்பார்த்தல் வேண்டும். எங்கும் துள்ளல் குறைவாக இருப்பின், அது வெறும் வார்ப்பிரும்புப் போலியாகவோ, தீவிபத்தில் சிக்கிப் பதம் இழந்ததாகவோ இருக்கலாம்.

இ. அரம். முகத்தின் ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், பழைய அரத்தை லேசாக இழுத்தால் அது வழுக்கிச்செல்ல வேண்டும். ஆழப் பற்றினால் எஃகு மென்மையானது. அருங்காட்சியகத்திற்கு வாங்கும் பொருளில் இச்சோதனையைத் தவிர்ப்பது நலம்.

ஈ. நேர்க்கோல். முகத்தின் நெடுக்கில் இரும்பு அளவுகோலை நிறுத்தினால் நடுவில் உள்ள பள்ளம் தெரியும். தொழிலுக்கு வாங்குவோர்க்கு ஆழ்ந்த பள்ளம் குறை. ஆய்வாளருக்கு அது சான்று. எந்த இடத்தில் நின்று, எப்பக்கமிருந்து, எவ்வகை வேலைக்காக அடித்தனர் என்பதைத் தேய்மானம் காட்டும். பள்ளத்தை மட்டமாக்க முகத்தை இழைப்பது எஃகுத்தகட்டை மெலிவித்துத் தொழிற்பயனைக் கெடுக்கும், சான்றையும் கெடுக்கும். இரு நோக்கிலும் தவிர்க்கத்தக்க செயல் அது.

6. தேடும் இடங்கள்

மூடப்பட்ட பட்டறை, தொழில் நடக்கும் பட்டறை, பழைய இரும்புக்கடை, பழம்பொருள் வணிகர் என நான்கு வாயில்கள் உள்ளன. கிடைக்கும் செய்தியின் அளவு இவற்றில் வேறுபடுகிறது. மூடிய பட்டறையின் குடும்பத்தினர் அப்பட்டடையை யார் வாங்கினார், எங்கிருந்து வந்தது, யார் அடித்தார் எனச் சொல்லக்கூடியவர்கள். காயலான்கடையில் கிடைப்பது எடையும், சில வேளைகளில் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் மட்டுமே. பழம்பொருள் வணிகரிடம் துருநீக்கி எண்ணெய் பூசிய, பார்வைக்கு இனிய பட்டடை கிடைக்கும். அதன் வரலாறு பெரும்பாலும் அழிந்திருக்கும். பொருள் ஒவ்வொரு கை மாறும்போதும் விலை கூடுகிறது, செய்தி குறைகிறது.

தொழில் நடக்கும் பட்டறையில் பட்டடையை விலைபேசுதல் தகாது. அது ஒருவரின் பிழைப்புக்கருவி. ஆயுதபூசையில் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடப்படும் பொருளும் அதுவே. தொழிலை விட்டபின்னும் பட்டடையை விற்க மனமின்றி வைத்திருக்கும் குடும்பங்களிடம் வற்புறுத்தல் கூடாது. அத்தகைய இடங்களில் அளவெடுத்தல், படமெடுத்தல், பேச்சுப்பதிவு ஆகியவற்றோடு நிற்பதே ஆய்வுநெறி. அதற்கும் முன்னிசைவு பெறல் வேண்டும்.

7. சட்ட வரையறை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. கடந்தகாலக் கைவினையைப் புலப்படுத்தும் பொருள்களும் அதன் வரையறைக்குள் அடங்கும். குறைந்தது நூறாண்டுப் பழமை வேண்டும். இவ்வரையறையின்படி நூறாண்டைக் கடந்த பட்டடையும் தொல்பொருளாகக் கருதப்பட இடமுண்டு. ஒரு பொருள் தொல்பொருளா என்னும் ஐயம் எழுந்தால் முடிவுசெய்யும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருக்கோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலருக்கோ உரியது.

இச்சட்டத்தின்படி தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வோர் உரிமம் பெறவேண்டும். அரசோ அரசால் அதிகாரமளிக்கப்பட்ட அமைப்போ அன்றித் தனியார் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே வெளிநாட்டுத் தொகுப்பாளருக்காக வாங்கித்தரும் செயலில் ஆய்வாளர் ஈடுபடலாகாது. துறைக்காக வாங்கும்போது விற்பவரின் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, பொருளின் ஒளிப்படம், கிடைத்த இடம் பற்றிய குறிப்பு ஆகியவற்றைப் பேணவேண்டும். களவுபோன பொருளை அறியாது வாங்கிவிடாமல் இருக்கவும் இவை காப்பாகும்.

8. விலையும் அறமும்

பட்டடைக்கு மூன்று விலைகள் உண்டு. பழைய இரும்பாக எடைக்கு ஒரு விலை. தொழிற்கருவியாக மற்றொரு விலை. பழம்பொருளாக வேறொரு விலை. விற்பவர் பெரும்பாலும் முதல்விலையை மட்டும் அறிந்தவர். வாங்குபவர் மூன்றையும் அறிந்தவர். இச்சமமின்மையில்தான் அறச்சிக்கல் எழுகிறது. பொறிப்பைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர், படித்ததை மறைத்து எடைவிலைக்கு வாங்கினால், அவர் கற்ற கல்வியே விற்பவருக்கு எதிரான கருவியாகிவிடும். திருக்குறள் சுட்டும் பட்டடை உவமை இங்குப் பொருந்தாமல் இல்லை: நட்புப்போல் வந்து, இடம் வாய்த்தபோது இழப்புக்குத் துணைநிற்கும் உறவு அது.

இதற்கு மாறான நடைமுறை எளியது. பொறிப்பில் என்ன எழுதியுள்ளது, அது எந்நாட்டது, எவ்வளவு பழமையானதாக இருக்கலாம் என்பதை விலைபேசுமுன் உரிமையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். அறிந்தபின் அவர் விற்க மறுத்தால் அதனை ஏற்க வேண்டும். கூடுதல் விலை கேட்டால் அது அவரது உரிமை. துறையின் நிதி அதற்கு இடந்தராவிடில் பட்டடை அவரிடமே இருக்கட்டும். பதிவு துறையிடம் இருக்கலாம். வாங்கப்பட்டால், காட்சிப்பலகையில் குடும்பத்தினரின் இசைவோடு அப்பட்டறையின் ஊரும் தொழிலும் குறிக்கப்பட வேண்டும்.

9. பதிவுமுறை

பட்டடையை இடத்தைவிட்டு நகர்த்துமுன் செய்யவேண்டியவை சில. அகழாய்வுக் குழியைப் போலவே பட்டறையையும் கருதி, உலை, துருத்தி, தண்ணீர்த்தொட்டி, குற்றி ஆகியவற்றின் இருப்பை அளந்து வரைபடமாக்க வேண்டும். பட்டடை முகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்னும் ஒரே அளவு, கொல்லர் அமர்ந்து அடித்தாரா நின்று அடித்தாரா என்பதைச் சொல்லும். கொம்பு எத்திசை நோக்கியது என்பது அவர் நின்ற பக்கத்தைச் சொல்லும். பட்டடையைக் குற்றியோடு சேர்த்தே பெறுவது சிறந்தது. இரும்பை மட்டும் எடுத்துவந்தால் உயரம் என்னும் செய்தி போய்விடும்.

அடுத்து, சொற்கள். பட்டடையின் முகம், கொம்பு, படி, துளைகள், பாதம் ஆகியவற்றுக்கு அப்பட்டறையில் வழங்கிய பெயர்களை, சொன்னவரின் ஒலிப்பிலேயே பதிய வேண்டும். ஆய்வாளர் தாமே நூல்வழிச் சொல்லைத் தந்து ஆமெனப் பெறுதல் பிழையான முறை. உறுப்பைத் தொட்டுக்காட்டி ‘இதனை எப்படிச் சொல்வீர்கள்?’ எனக் கேட்பதே தக்கது. பூட்டுப் பட்டறையும் வேளாண்கருவிப் பட்டறையும் ஒரே உறுப்பை வேறுவேறு பெயரால் வழங்கக்கூடும். அவ்வேறுபாடு வட்டாரத் தொழிற்சொல்லகராதிக்கு மூலப்பொருள்.

இறுதியாக, ஓசை. ஆள்மாற்றி அடிக்கும்போது தலைமைக்கொல்லரின் சிறுசுத்தியல் இடத்தைக் காட்ட, துணைவரின் சம்மட்டி அங்கு விழுகிறது. பேச்சின்றி நடக்கும் இவ்வுரையாடலை எழுத்தால் முழுதும் பதிய இயலாது. ஓய்வுபெற்ற கொல்லர் இசைந்தால், பட்டடை நகருமுன் ஒருமுறையேனும் அடிக்கச்செய்து ஒலி, ஒளிப்பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

திண்டுக்கல் வட்டாரத்துப் பழம்பட்டடை ஒரே நேரத்தில் இலக்கிய உவமையின் பொருட்சான்றாகவும், குடியேற்றக்கால வணிகத்தின் தடயமாகவும், உள்ளூர்க் கைவினைஞரின் உழைப்புப்பதிவாகவும் விளங்குகிறது. பொறிப்பு அது பிறந்த இடத்தைச் சொல்லும். ஓசையும் துள்ளலும் அதன் இன்றைய நிலையைச் சொல்லும். தேய்மானமும் வாய்மொழியும் அது வாழ்ந்த வாழ்வைச் சொல்லும். முதலிரண்டும் பட்டடையோடு எங்கும் செல்லும். மூன்றாவது மட்டும் பட்டறையை விட்டு நகர்ந்தவுடன் அழியத்தொடங்கும்.

எனவே கொள்முதலின் வரிசை மாறவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு. முதலில் பதிவு, அடுத்துச் சோதனை, அதன்பின் உண்மையை உரைத்த விலைப்பேச்சு, இறுதியில் கொள்முதல் என்பதே தக்க வரிசை. தமிழ்த்துறைகள் தத்தம் மாவட்டத்தில் மூடப்படும் பட்டறைகளைப் பட்டியலிட்டு, முதுகலை மாணவரின் களப்பணியாகவே இப்பதிவுகளை மேற்கொள்ளலாம். வாங்குவதற்கு நிதி வேண்டும். பதிவதற்கு அளவுநாடாவும் குறிப்பேடும் கேட்கும் பொறுமையும் போதும். பட்டடை உருக்காலைக்கே சென்றாலும் அதன் அளவும் பெயரும் வரலாறும் எஞ்சும்.